நாலு பேரில் ரெண்டு பேர்தான் உள்ளே: இசைக்குழுவுக்கு அரசாங்கம் தரும் உதவிகள், பயன்படுத்திப் பார்த்தவன் மதிப்புரை

எங்கள் குழுவில் நாலு பேர். மாமா பறையும் பம்பையும் அடிப்பார், ஊர் பாலக்கோடு பக்கம். அக்கா பாடுவார், கிருஷ்ணகிரி. தம்பிக்குக் கீபோர்டும் லேப்டாப்பும், ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே வருகிறான். நான் தர்மபுரி, பேஸ் கிட்டார். மாமா, அக்கா, தம்பி எல்லாம் கூப்பிடும் முறைதான், ரத்த சொந்தம் கிடையாது. சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு வாசிக்கிறோம். சினிமாப் பாட்டே வாசிக்க மாட்டோம் என்ற வீம்பெல்லாம் இல்லை, கல்யாண வீட்டில் கேட்டால் வாசித்துவிட்டுத்தான் வருவோம், இல்லாவிட்டால் வேன் வாடகையை யார் கொடுப்பது?

இசைக்காரர்களுக்கு என்று அரசாங்கம் வைத்திருக்கும் உதவிகளில் எங்களுக்கு எட்டியது, எட்டாதது எல்லாவற்றையும் மூன்று வருஷமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டோம். மிக்சி வாங்கினாலும் பிரியாணி சாப்பிட்டாலும் நட்சத்திரம் போடுகிறோம், இதற்கும் போட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாலுக்கு 2. ஐந்துக்குப் போடாமல் நாலுக்குப் போடக் காரணம் இருக்கிறது. நாங்கள் நாலு பேர், அதில் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிவது ரெண்டு பேர்.

முதலில் மாமாவின் அட்டை. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007ல் ஆரம்பித்தது. உறுப்பினர் ஆனால் அடையாள அட்டை, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, கல்யாண உதவி, கண்ணாடி வாங்க உதவி, விபத்திலோ நோயிலோ போய்ச் சேர்ந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை, இப்படி. விண்ணப்பம் நிரப்ப மாமாவோடு நான்தான் போனேன். ஒரு பிரவுசிங் சென்டர், ஃபேன் காற்றில் ஆதார் நகல்கள் பறந்துகொண்டிருந்தன. என்ன கலை என்று கேட்கும் இடத்துக்கு வந்ததும் அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான். "பறைன்னு போடு, பம்பையும் தெரியும், அதையும் போடு" என்றார் மாமா. போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணா, உங்களுக்கு?" என்றான். "எனக்கு இல்லப்பா, நான் கூட வந்தவன்" என்றேன். மேடையில் நானும் மாமாவும் தோளோடு தோள் நிற்போம். அவர் அடியும் என் அடியும் ஒரே நேரத்தில் விழவேண்டும், இம்மி பிசகினால் பாட்டே நொண்டும். காகிதத்தில் மட்டும் நான் கூட வந்தவன்.

அட்டை வந்தது. மாமா பெண் பாலிடெக்னிக் படிக்கிறாள், அவளுக்கு உதவித்தொகையும் வந்தது. அடுத்து, வாரியத்தில் பதிந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் 500 பேருக்கு இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்கத் தலா 10,000 ரூபாய் கொடுக்கிற திட்டம் ஒன்று இயல் இசை நாடக மன்றம் வழியாக நடக்கிறதே, அதற்கும் போட்டார், அதுவும் கிடைத்தது. இந்த இடத்தில் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. பழைய பறையின் வேப்பமரச் சட்டம் ஒரு பக்கம் வெடித்து, துணி சுற்றி வைத்திருந்தார். புதுச் சட்டம் போட்டு, தோலைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, வெயிலில் காயவைத்து, முதல் தடவை சிம்புக்குச்சியால் தட்டிப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மீதிப் பணத்தில் மழைக்கால நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு ஃபைபர் பறை வாங்கினார். அது தோல் மாதிரி தொய்யாது, ஆனால் அதை அடிக்கும்போதெல்லாம் "தகரம், தகரம்" என்று முனகிக்கொண்டேதான் அடிப்பார்.

அதே மாதம் என் பேஸுக்குக் கம்பி மாற்ற வேண்டியிருந்தது, ஒரு செட் ரெண்டாயிரத்தைத் தொட்டது. தம்பியின் லேப்டாப்புக்கும் மேடைக்கும் நடுவில் இருக்கிற ஆடியோ பெட்டி புகைந்துபோய், அதற்குத் தவணை. இதையெல்லாம் அரசாங்கம் வாங்கித் தரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட்டு ஒன்றுதான், கருவியைப் பார்த்துக் கோடு போட்டுவிடுகிறார்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அக்காவின் கதை வேறு, இந்த மதிப்புரையில் அதிக நட்சத்திரம் அதற்குத்தான். அவர் கிருஷ்ணகிரி அரசு மாவட்ட இசைப்பள்ளியில் குரலிசை படித்தவர். தமிழ்நாட்டில் இப்படி 17 பள்ளிகள். நம் பக்கம் சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கின்றன, தர்மபுரிக்காரர்கள் ரெண்டில் ஒன்றுக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம், மூன்று வருஷப் படிப்பு, 12 வயதிலிருந்து 25 வரை சேரலாம். கட்டணம் என்று பெயருக்குத்தான். மாதம் 400 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் என்று அவர்களே கொடுக்கிறார்கள். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்தபோது வயது 27. எங்கள் தெருவில் ஒருவரிடம் மாதம் 1,500 கொடுத்து கிட்டாரில் மூன்று கார்டு (chord) கற்றுக்கொண்டிருந்தேன்.

அங்கே கிட்டார் இல்லை, கீபோர்டு இல்லை, பாட்டுப் பதிவு செய்யச் சொல்லித்தருவது இல்லை. இதை ஒரு குறையாகத் தம்பி எப்போதும் சொல்வான். எனக்கு அவ்வளவாக உடன்பாடு இல்லை. சுவீடனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் நகராட்சி நடத்துகிற இசைப்பள்ளிகள், பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கருவி கற்றுக்கொடுப்பது, அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். உலகமெல்லாம் பாடிய ஆங்கில பாப் பாட்டுகளை வரிசையாக எழுதித்தள்ளிய மேக்ஸ் மார்ட்டின் அப்படி ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஹார்ன் ஊதக் கற்றுக்கொண்டவர்தான். பாப் பாட்டு எழுதுவது எப்படி என்று அவருக்கு அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. காது பழகினால் போதும், மற்றது தானாக வரும். அக்கா தேவார வகுப்புக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டே பண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார், எங்கள் ரெண்டாவது பாட்டின் சரணம் அதிலிருந்துதான் கிளம்பியது. தம்பி அதன் அடியில் கீபோர்டில் ஒரு இழுப்பு வைத்தான், மாமா கண்ணை மூடிக்கொண்டு "இதுக்கு நான் அடிக்கவே வேண்டாம்" என்று குச்சியைக் கீழே வைத்தார். எங்கள் பாட்டுகளிலேயே பறை இல்லாத பாட்டு அது ஒன்றுதான்.

மூன்றாம் வருஷம் முடிந்த மறுநாள்தான் பிரச்சினை. நாதசுரம், தவில், தேவாரம் படித்தவர்களுக்காவது கோயில் பக்கம் ஒரு வழி இருக்கிறது. குரலிசை படித்த பெண் பிள்ளை, மேடைக்குப் போகலாம் என்றால் எந்த மேடை? பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், சாயங்காலம் வீட்டில் டியூஷன், இதுதான் அக்காவின் வழி. படிப்பை மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, முதல் பாட்டைப் பதிவு செய்யப் பத்தாயிரம் ரூபாய் என்றால் கொடுக்க ஆளில்லை.

மேடை என்றதும் சென்னை சங்கமம் பற்றிச் சொல்லவேண்டும். 2007ல் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 2023 பொங்கலுக்குத் திரும்ப வந்தது. பிறகு சேலம் உட்பட மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். மாமா ஒரு வருஷம் தன் ஊர்ப் பறைக்குழுவோடு சென்னைக்குப் போனார். நாங்கள் மூன்று பேரும் பஸ் பிடித்துப் போய்ப் பூங்காவில் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். நல்ல ஒலி, நல்ல வெளிச்சம், நடைபயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று ஆடினார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா "உங்க ஊர்க்காரங்களா?" என்று கேட்டபோது "எங்க பேண்டுக்காரர்" என்று சொல்ல வாயெடுத்து, "எங்க மாமா" என்று நிறுத்திக்கொண்டேன்.

நாலு பேரும் சேர்ந்து ஏறிய அரசு மேடை ஒன்றே ஒன்றுதான். எந்த ஊர், எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை, அடுத்த வருஷமும் கூப்பிடவேண்டுமே! ஏழு மணி நிகழ்ச்சிக்கு நாலு மணிக்கே வரச் சொன்னார்கள், போனோம். சவுண்ட்காரரிடம் நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும் என்றோம், "சார் பேசுறதுக்கு வச்சிருக்கேன், எடுக்கமுடியாது" என்றார். கீபோர்டையும் பேஸையும் ஒரே ஜாக்கில் கோத்துக் கொடுத்தார். அதுகூடப் பரவாயில்லை. மார்கழிக் குளிர், தோல் தொய்ந்துவிட்டது, மாமா மேடைக்குப் பின்னால் போய் வைக்கோலும் செய்தித்தாளும் போட்டுப் பறையைக் காய்ச்ச உட்கார்ந்தார். நெருப்பு பற்றின அடுத்த நிமிஷம் ஒரு காவலர் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். பந்தல், துணி, பாதுகாப்பு, அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் பறை அடிக்க வரச்சொன்னவர்களுக்குப் பறை காய்ச்ச ஒரு மூலை வேண்டும் என்று தோன்றவில்லையே. கடைசியில் அக்காவின் ஹேர் டிரையரை ஜெனரேட்டர் வயரில் மாட்டிக் காய்ச்சினோம். தோல் பாதிதான் இறுகியது, மாமா அன்று அடித்தது அவருக்கே பிடிக்கவில்லை. தலைவர்கள் பேச்சு நீண்டு, எங்களுக்குக் கிடைத்தது 11 நிமிஷம். பணம் ஐந்து மாதம் கழித்துக் காசோலையாக வந்தது, குழுப் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, மாற்றி வாங்க இன்னும் ஒன்றரை மாதம்.

இந்தச் சேவைக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தர மனமில்லை, ஆனால் அந்த 11 நிமிஷத்தில் முன்வரிசைச் சின்னப்பிள்ளைகள் எங்கள் சொந்தப் பாட்டின் பல்லவியை ரெண்டாவது தடவையிலேயே திருப்பிப் பாடினார்கள். அதற்கு ஒன்று.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடை பற்றி என் நெடுநாள் ஆசை ஒன்று. ஒவ்வொரு கோடையும் அந்த மைதானத்தில் வாரக்கணக்கில் சாயங்காலம் கலை நிகழ்ச்சி நடக்கும். மேடையும் விளக்கும் கூட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் ஒரே ஒரு சாயங்காலத்தை இந்த ரெண்டு மாவட்டத்தில் சொந்தப் பாட்டு போடுகிறவர்களுக்கு என்று ஒதுக்கினால் புதிதாகச் செலவே கிடையாது. ராட்டினம் சுற்றிவிட்டு, மிளகாய் பஜ்ஜியோடு உட்கார்கிற கூட்டம் எதையும் கேட்கும்.

உண்மையில் மாமா போன்றவர்களுக்கு அரசாங்கத்திடமிருந்து அதிகமாக வரும் வேலை இது எதுவும் இல்லை, விழிப்புணர்வுப் பிரச்சாரம். குழந்தைத் திருமணம் கூடாது, பெண் சிசுவைக் காப்போம், பிளாஸ்டிக் வேண்டாம் மஞ்சப்பை எடு, கொரோனா முடிந்ததும் இல்லம் தேடிக் கல்வி. நம் மாவட்டங்களில் இந்தப் பிரச்சாரம் இல்லாத மாதமே இல்லை எனலாம். மாமாவிடம் ஒரே மெட்டு இருக்கிறது. அதில் திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்வார், "அம்மா கேளு, ஐயா கேளு" என்று தொடங்கி எந்தத் துறைக்கும் பொருந்தும். "கவர்மெண்டு காசு வாங்கினா கவர்மெண்டு பாட்டுதான்டா பாடணும், நீ உம் பாட்டப் பாடணும்னா உங் காசுல பாடு" என்பார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, என் பக்கத்துக்கும் தம்பி பக்கத்துக்கும் வருவோம். மத்திய கலாசார அமைச்சகத்தில் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை உண்டு: 18 முதல் 25 வயது, மாதம் 5,000 ரூபாய், ரெண்டு வருஷம். தம்பிக்கு வயது சரி, ஆவலாக உட்கார்ந்து பட்டியலைப் படித்தான். செவ்வியல் இசை, நடனம், நாடகம், ஓவியம் சிற்பம், நாட்டுப்புற, பழங்குடிக் கலைகள், மெல்செவ்வியல் இசை. கீழே வரை போய்விட்டு மேலே வந்து இன்னொரு தடவை படித்தான். சொந்தமாகப் புதுப் பாட்டு பண்ணுகிற பையன் அந்தப் பட்டியலில் எங்கே போய் நிற்பான்? ஜிஎஸ்டியிலும் இதே கோடுதான். நாட்டுப்புற, செவ்வியல் வடிவத்தில் இசை நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் சம்பளம் வரை வரி விலக்கு. நம்மைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை, அதனால் விலக்கும் இல்லை. (ஜிஎஸ்டி கட்டுகிற அளவுக்கு வருமானம் வந்தால் தட்டில் வைத்துக் கட்டுவேன், அது வேறு விஷயம்.)

அதாவது இசை ஒன்று பழையதாக இருக்கவேண்டும், இல்லை இசைக்காரர் நலிந்தவராக இருக்கவேண்டும். நலிந்த கலைஞர்களுக்கு மாநில அரசு மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறது, வயசான காலத்தில் மருந்துக்காவது ஆகும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் நலிந்த பிறகு 3,000 கொடுப்பதற்கு முன்னால், நலியாமல் இருக்க இருபத்தைந்து வயதில் ஏதாவது கொடுத்தால் என்ன என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. சினிமாவைப் பாருங்கள், குறைந்த செலவில் தரமான படம் எடுத்தால் தமிழ்நாடு அரசு 7 லட்சம் மானியம் தரும் திட்டம் இருக்கிறது. 2006ல் தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரியே வேண்டாம் என்றார்கள். சினிமாவைத் தொழில் என்று ஒத்துக்கொண்டதால்தான் இதெல்லாம். சினிமாவுக்குள் போகாத பாட்டுக்கு அந்த மரியாதை இன்னும் வரவில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று தம்பி நோண்டாத இடம் இல்லை. கொரியா கொரியா என்பான், அங்கே 2009ல் உள்ளடக்கத் தொழில்களுக்கென்றே ஒரு அரசு நிறுவனம் வைத்தார்கள், சரிதான், ஆனால் அங்கே பெரிய கம்பெனிகளின் பணம் புரண்ட அளவுக்கு நம்மால் பேசமுடியாது, அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது கனடா. பக்கத்தில் அமெரிக்கா, அதே மொழி, வானொலியைத் திருப்பினால் அவர்கள் பாட்டுதான். அதனால் 1971ல் ஒரு விதி போட்டார்கள்: வானொலியில் ஒலிக்கும் பாட்டில் 30 சதவீதம் கனடாப் பாட்டாக இருக்கவேண்டும், பின்னால் அதை 35 ஆக்கினார்கள். கனடாப் பாட்டு என்றால் எது? நாலு கேள்வி. மெட்டுப் போட்டவர் கனடாக்காரரா? பாடியவர், வாசித்தவர்? பதிவு கனடாவில் நடந்ததா? வரி எழுதியவர்? நாலில் ரெண்டுக்கு ஆம் என்றால் பொதுவாகப் போதும், பாட்டு முழுசாகக் கணக்கில் வந்துவிடும்.

நாலில் ரெண்டு! இதைப் படித்தபோது எங்கள் ஒத்திகை அறையில் (மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையின் பின்பாதி) எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தோம். அங்கே நாலில் ரெண்டு தேறினால் முழுப் பாட்டையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள். இங்கே நாலில் ரெண்டு பேரை உள்ளே இழுத்துக்கொண்டு, மீதி ரெண்டு பேரை வாசலில் நிறுத்துகிறார்கள். எங்கள் பாட்டில் பறை இருக்கிறது, இசைப்பள்ளியில் படித்த குரல் இருக்கிறது, அதனால் இந்தக் குழுவே நம்முடையது என்று எடுத்துக்கொள்ள ஒற்றை வரியில் ஒரு விதி போதும்.

பணத்துக்கும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். 1982ல் ஃபேக்டர் என்று ஒரு நிதியமைப்பு, தனியார் வானொலிகளும் மத்திய அரசும் பணம் போடுகின்றன, பாட்டுப் பதிவுக்கும் வீடியோவுக்கும் ஊர் ஊராகப் போய் வாசிப்பதற்கும் அதிலிருந்து கொடுக்கிறார்கள். பிரான்சில் 2020ல் தேசிய இசை மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே கச்சேரி டிக்கெட் வருமானத்தில் 3.5 சதவீதம் வசூலித்து இசைக்கே திருப்புகிறார்கள், 2024லிருந்து இணையத்தில் பாட்டு ஓட்டும் நிறுவனங்கள் மீதும் 1.2 சதவீதம். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. பெரிய நட்சத்திரக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்குகிற கூட்டத்தின் காசில் ஒரு துளி, மாரண்டஹள்ளியில் முதல் மேடை ஏறுகிற பையனுக்குப் போய்ச் சேரும். யாரும் யாருக்கும் பிச்சை போட்டதாக ஆகாது.

ஐஸ்லாந்து கதை இன்னும் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நாலு லட்சத்துக்கும் குறைவான ஜனங்கள். தர்மபுரி மாவட்டத்திலேயே 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் பேர், நினைத்துப் பாருங்கள். அங்கே வந்து பாட்டுப் பதிவு செய்தால், தகுதியான செலவில் 25 சதவீதத்தை அரசாங்கம் திருப்பித் தருகிறது. நம் பக்கம் நிலைமை என்ன? கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் கொஞ்சம் நல்லதாகப் பதிவு செய்யவேண்டும் என்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குத்தான் வண்டி ஏறுகிறோம். நாங்கள் முதல் பாட்டுக்கு அங்கே ரெண்டு நாள் போனோம், மணிக்கணக்குக்கு வாடகை, மாமாவின் பறைக்கு மைக் வைக்கத் தெரியாமல் அந்த இன்ஜினியர் மூன்று மணி நேரம் தின்றுவிட்டார், அந்த மூன்று மணி நேரத்துக்கும் காசு நாங்கள்தான் கட்டினோம்.

அந்த எரிச்சலில்தான் தம்பி ஓசூரிலேயே சின்னதாக ஒரு பதிவு அறை போடலாம் என்று கிளம்பினான். சுயதொழில் கடனுக்குத் திட்டங்கள் இருக்கின்றன, மாவட்டத் தொழில் மையம் வழியாக. மத்திய அரசின் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம், இடத்தையும் ஆளையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். இசைக்காரர்கள் யாரும் இந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை, பார்க்கவேண்டும், ஏனென்றால் இங்கே நீங்கள் செவ்வியலா நாட்டுப்புறமா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கடைசியில் கடன் கொடுப்பது வங்கி. ஒரு வங்கியில் மேலாளர் திட்ட அறிக்கையைப் புரட்டிவிட்டு, "மாசம் எத்தனை கல்யாணம் பிடிப்பீங்க?" என்றார். கல்யாணம் இல்லை சார், பாட்டுப் பதிவு என்று இவன் விளக்க, "அதான் தம்பி, கல்யாணத்துல பாடுறத பதிவு பண்றதுக்குத்தானே" என்றார். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து அறிக்கையின் தலைப்பை அடித்துவிட்டு 'ஆடியோ வீடியோ எடிட்டிங் மையம்' என்று எழுதினான். இப்போது வேறொரு வங்கியில் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது, அங்கே மேலாளரின் தங்கைக்கு வைகாசியில் கல்யாணமாம், வீடியோ எடுத்துத் தருவாயா என்று கேட்டிருக்கிறார்.

வானொலியை விட்டுவிடக்கூடாது. தர்மபுரியில் நமக்கென்று அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. குரல் தேர்வில் பாடித் தேறினால் தரம் கொடுப்பார்கள், பாடினால் சம்பளம் உண்டு, அக்கா மெல்லிசைக்கு அதைத்தான் குறிவைத்திருக்கிறார். இந்த மெல்லிசை என்பதே ஒரு காலத்தில் அரசாங்கம் காசு போட்டு வளர்த்த புது இசைதான். 1952ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஒதுக்கினார், அதற்குப் பதிலாக வானொலியே இசைக்குழு வைத்துச் சொந்தமாக மெல்லிசைப் பாட்டு தயாரித்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவை இலங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1957ல் விவித் பாரதி தொடங்கி சினிமாப் பாட்டைத் திரும்ப உள்ளே விடவேண்டியதாயிற்று. கனடா மாதிரி ஒதுக்கீடு என்று நான் குதிக்கும்போதெல்லாம் அக்கா இந்தக் கதையைத்தான் எடுத்து நீட்டுவார். அவர் சொல்வது பாதி சரி. இன்னொருவர் பாட்டை நிறுத்திவிட்டு நம் பாட்டைக் கேள் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போடு என்கிறேன், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மண்டலக் கலை பண்பாட்டு மையம் நம் ரெண்டு மாவட்டத்துக்கும் சேலத்தில், தளவாய்ப்பட்டியில் இருக்கிறது. அங்கே போகும் முன் நிகழ்ச்சிப் புகைப்படங்கள், அழைப்பிதழ், செய்தித்தாள் துணுக்கு எல்லாம் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள், ஒரு பென் டிரைவில் ஐந்து நிமிஷ வீடியோவும் போட்டுக்கொள்ளுங்கள். மாவட்டக் கலை மன்ற விருதுகளைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். வயதுக்கு ஏற்ப ஐந்து பட்டம், 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. பொற்கிழி ஆயிரங்களில்தான், ஆனால் அந்தச் சான்றிதழ் அடுத்த ஐந்து விண்ணப்பத்துக்கு இணைப்பாக உதவும். பாட்டு எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள் ஐபிஆர்எஸ்ஸில் (பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிற அமைப்பு) உறுப்பினர் ஆகிவிடுங்கள். 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபிறகு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் பங்கு சட்டப்படியே உண்டு. எங்களுக்கு இதுவரை வந்தது ரெண்டு பரோட்டா காசு, ஆனாலும் வந்தது.

தம்பிக்கு 25 முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியலில் நாட்டுப்புறக் கலை இருக்கிறது அல்லவா, அதனால் மாமாவிடம் ஞாயிறுதோறும் பம்பை கற்றுக்கொள்கிறான். இடது பக்கக் குச்சி இன்னும் அவன் சொன்னபடி கேட்கவில்லை, மாமா "லேப்டாப்புல தட்டுற மாதிரி தட்டாதடா" என்று முதுகில் ஒன்று வைக்கிறார். போன வாரம் அந்தத் தப்பான அடியையே போனில் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்கி, ஒரு புதுப் பாட்டுக்கு அடித்தளமாகப் போட்டு அனுப்பியிருக்கிறான். நன்றாக இருக்கிறது. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.